மைக்ரோஸ்கோப் மேல் உட்கார்ந்த கேமரா

கேமராவுக்கு முன்னால் வந்து உட்காருகிற எவரும் முதல் காரியமாகத் தாடையைத் தூக்குவார்கள். கம்பீரமாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு. உண்மையில் தெரிவது மூக்குத் துவாரம் இரண்டும்தான். "தாடைய கொஞ்சம் எறக்குங்க" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்த ஸ்டூடியோக்காரிக்குத் தாடையக்கா என்று பேர் வந்துவிட்டது. சொந்தப் பேர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. தாலி கட்டியவரே கோபம் வந்தால் "ஏ தாடை" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடைத்தெரு முனையில், மாடிப்படிக்கு அடியில் ஒரு நீள அறை. முன்பாதியில் அவளுடைய நாத்தனாரின் ஜெராக்ஸ் மெஷின் உறுமிக்கொண்டிருக்கும். திரையைத் தள்ளிக்கொண்டு பின்பாதிக்குப் போனால் ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு, வெளுத்துப்போன நீலத் துணி, ஒரு கம்ப்யூட்டர். அக்காவின் உண்மையான கைவரிசை அந்தக் கம்ப்யூட்டரில்தான். பருவைத் துடைப்பாள், கருவளையத்தைக் கரைப்பாள், நெற்றிச் சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுப்பாள். ஒரு முகத்தை இருக்கிறபடியே கையில் கொடுத்தனுப்புவது, வீட்டுக்கு வந்தவருக்குக் கழுவாத டம்ளரில் தண்ணீர் கொடுப்பது மாதிரி அவளுக்கு.

ஆனால் அதிலும் ஒரு நியாயம் வைத்திருந்தாள். மச்சத்தை மட்டும் கேட்காமல் தொடமாட்டாள். "மச்சம் இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?" என்பாள். சிலர் அவசரமாக எடுக்கச் சொல்வார்கள். சிலர், "ஐயையோ, அது எங்கம்மாகிட்டேருந்து வந்தது" என்று பதறுவார்கள். எல்லாம் முடிந்து வந்தவருக்குப் படம் பிடித்துவிட்டால், பழையதை அழித்துவிடுவாள். அழகான முகம் கைக்கு வந்த பிறகு அழுக்கு முகத்தை எவர் வைத்துக்கொண்டு கும்பிடப் போகிறார்கள்?

கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. முதலில் தட்டின் மேல் டம்ளர் தாளம் போட்டது. பிறகு சாவி பூட்டுக்குள் போகாமல் சண்டித்தனம் செய்தது. கடைசியில் ஒரு கல்யாணத்தில் மானம் போனது. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா, "எம்பொண்ணுக்கு எந்தப் படத்துலயும் ரெண்டு மூக்குக்குக் கொறையல" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். டாக்டரிடம் காட்டினார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் இது போகவும் போகாது என்றார் அவர். மீதி வேலையைக் கடைத்தெரு பார்த்துக்கொண்டது. தாடையக்காவுக்குக் கை போய்ச்சாம் என்று ஒரு கடையில் சொன்னால் அடுத்த கடையில் அது பக்கவாதமாகி, தெரு முடிவதற்குள் அவளைப் படுத்த படுக்கையாக்கிவிட்டார்கள்.

நாத்தனார் நல்லவள். அதுதான் தொல்லை. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினாள்.

"அண்ணி, தப்பா நெனக்காதீங்க. பின்னாடியும் ஒரு ஜெராக்ஸ் மெஷின் போட்டுடலாமா? பட்டன அமுக்குனா போதும். கை நடுங்குனாலும் காப்பி நடுங்காது."

"நான் கண்ண மூடுனதும் போட்டுக்க" என்றாள் அக்கா.

வீறாப்பாகத்தான் சொன்னாள். நாத்தனார் போனதும் நீலத் துணிக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படம் பிடிக்காவிட்டால் பட்டினி கிடக்கப் போவதில்லை. கணவரின் லேத் பட்டறை குடும்பத்துக்குப் போதும். ஆனால் படம் பிடிக்காவிட்டால் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் பயம்.

அந்த வாரமே பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு இலை டாக்டர் வந்தாள். பயிர்நோய் ஆய்வு அலுவலகத்தின் அதிகாரி, வயதில் சின்னவள். ஜுரம், இருமல் என்று போனால் மருந்து எழுதமாட்டாள், வாடிய செடியோடு போனால் உட்கார வைத்து விசாரிப்பாள் என்பதால் தெருவில் அவளுக்கு அந்தப் பேர். கேமரா ஸ்டாண்டின் மேல் இருந்தது. அக்கா தொடுவதற்கு அதில் ஒரு பொத்தான்தான் பாக்கி. கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பார்த்த டாக்டர், தன் கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிவதைக் கண்டு குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல மைக்ரோஸ்கோப் இருக்கு. நல்ல கேமராவும் இருக்கு. ரெண்டையும் சேத்து வைக்கத்தான் ஒருத்தரும் இல்ல. செல்போன மேல வச்சு எடுத்துப் பாத்தோம். மேகம் மூடுன நிலா மாதிரி வருது."

"படம் எதுக்குங்க?"

சுற்றுவட்டாரத்து நாற்றுப்பண்ணைகளில் தக்காளி நாற்றுகள் பாத்தி பாத்தியாகச் சாய்ந்துகொண்டிருந்தன. சாதாரண அழுகல் என்றால் தண்ணீரைக் குறைத்தால் போதும். கெட்ட பூஞ்சை என்றால் மருந்தே வேறு. அதைத் தலைமை அலுவலகம் அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டுமென்றால் அவர்கள் நோயைக் கண்ணால் பார்க்க வேண்டும். கண்ணாடி ஸ்லைடைப் பார்சலில் வைத்து அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து கருவாடாகிவிடுகிறது. அதனால்தான் படம்.

"எங்க ஆபீஸ்ல போட்டோகிராபர் வேலை ஒண்ணு ரொம்ப வருஷமா காலியா கெடக்கு" என்றாள் டாக்டர். "படம் மட்டும் தேறுச்சுன்னா, அதுக்கு ஆள் போடச் சொல்லிக் கேக்கலாம். உங்களுக்கு யாராச்சும் தெரியுமா?"

"தெரியும். நான் வர்றேன்."

டாக்டரின் பார்வை தானாகக் கீழே இறங்கியது. மடியில் அக்காவின் வலது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"கையப் பாக்காதீங்க டாக்டரம்மா. கேமராவ நானா புடிக்கப் போறேன்? மைக்ரோஸ்கோப்புதான புடிக்கப் போகுது."

டாக்டர் மறுநாளே வரச் சொல்லிவிட்டாள்.

ஆய்வு அறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கல் மேஜை, அதன்மேல் மைக்ரோஸ்கோப், பக்கத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ், மூலையில் சாய்ந்து நிற்கிற இரும்பு பீரோ. மைக்ரோஸ்கோப்பின் உச்சியில், கண் வைத்துப் பார்க்கிற இரண்டு குழல்களுக்கு மேலே, மூடி போட்ட மூன்றாவது குழல் ஒன்று இருந்தது. கேமராவுக்கென்றே விட்ட வழி. கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் அதன்மேல் உட்கார வைக்க வேண்டும். இடையில் ஒரு குழாய் வேண்டும். அக்கா அதற்குக் கழுத்து என்று பேர் வைத்தாள். முகங்களோடு பிழைத்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

"தலைய ஒரு கம்பெனில வாங்கியிருக்காங்க, ஒடம்ப இன்னொரு கம்பெனில வாங்கியிருக்காங்க. கழுத்த மட்டும் நான் செய்யணுமாக்கும்" என்றார் கணவர், அவள் கொண்டுவந்த அளவுகளைப் பார்த்துக்கொண்டே.

"உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, அடுத்த தெருவுல பட்டறை இருக்கு."

அவருடைய ரோஷத்தில் கை வைத்தாகிவிட்டது. அன்று மாலைக்குள் கழுத்து தயார்.

உட்கார வைத்ததும் கேமரா குடித்தவன் மாதிரி ஒருபக்கம் சாய்ந்தது. கணவர் குழாயின் மரையை இறுக்கமாக வெட்டிக் கொண்டுவந்தார். அடுத்த படத்தில் நட்டநடுவில் வெள்ளையாக ஒரு கறை. டாக்டர் லென்ஸைச் சந்தேகப்பட்டாள், அலுவலகத்து அட்டெண்டர் கரண்டைச் சந்தேகப்பட்டார். அக்கா குழாயைக் கழற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள். கணவர் ஆசை ஆசையாகப் பாலீஷ் போட்டிருந்தார். உட்சுவர் கண்ணாடியாகப் பளபளத்தது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துப் படத்தின் நடுவில் விழுகிறது. உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்ததும் கறை காணாமல் போனது. "வேலைய அழகா செஞ்சா தப்புங்கறாளே" என்று கணவர் அட்டெண்டரிடம் ஒப்பாரி வைத்தார்.

அப்புறம், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிவது கேமராவுக்கு மங்கலாகத் தெரிந்தது. குழாய் நீளம் அதிகம். கொஞ்சம் கடைவது, கொண்டுவந்து மாட்டிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் கடைவது. அதிகமாகக் கடைந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மனிதர் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார்.

கடைசியில் வந்து நின்றது கை. சின்னதைப் பெரிதாகக் காட்டுகிற கருவி நடுக்கத்தையும் பெரிதாகத்தான் காட்டும். கூர்மையைச் சரிசெய்கிற அந்தச் சின்னத் திருகை அக்கா தொட்டதும் கம்ப்யூட்டர் திரையில் பூகம்பம் வந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி பூகம்பம். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. டாக்டர் மரியாதைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மரியாதை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். போனார், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு அலுமினியச் சக்கரம் கடைந்து கொண்டுவந்து அந்தத் திருகின்மேல் மாட்டினார். சக்கரத்தின் விளிம்பில் விரல் எவ்வளவு ஆடினாலும் நடுவில் திருகு அசைவது கொஞ்சம்தான். அடுத்தபடி, எங்கோ கிடந்த தையல் மெஷின் பெடல் ஒன்றைத் தேடிப் பிடித்து, கேமராவின் பொத்தானுக்கு ஒயர் இழுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். கை தொட வேண்டியதே இல்லை. காலால் மிதித்தால் படம்.

"கால் நடுங்குதா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல."

"அப்ப மிதி."

படம் எடுக்கிறபோது அதிர்கிற ஃப்ரிட்ஜை நிறுத்த வேண்டும். யாரும் நடக்கக் கூடாது. அட்டெண்டருக்குப் பூதத்தின் பாதம். அவர் வராந்தாவில் நடந்தால் ஸ்லைடில் இருக்கிற பூஞ்சையே திடுக்கிடும். அதனால் கதவில் சிவப்புத் துணி தொங்கினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டாள் அக்கா. ஒருமுறை மனிதர் தேநீர்த் தட்டோடு ஒற்றைக் காலில் நின்று, துணியை எடுக்கும்வரை இன்னொரு காலைக் கீழே வைக்கவில்லை.

அப்படி ஒருநாள் காலையில் படம் வந்தது. சாய்ந்த நாற்றின் தண்டிலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டு. அதன் அறைகளுக்குள்ளே பூஞ்சை நூல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின. ஒவ்வொரு நூலின் விளிம்பும் பேனாவால் இழுத்ததுபோல நின்றது. டாக்டர் திரையைப் பார்த்து, "அக்கா!" என்று கத்தியேவிட்டாள். பிறகு வாசலில் ஜீப் நின்றதால் கைப்பையைத் தூக்கினாள். "பண்ணைக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நல்லதா ஒண்ணு பாத்து தலைமை ஆபீசுக்கு நீங்களே அனுப்பிடுங்க."

அக்கா உட்கார்ந்தாள். இத்தனை பாடுபட்டுப் பெற்ற படம். எப்பேர்ப்பட்ட படம்! பெரிதாக்கிப் பார்த்தாள். நூல்களுக்கு நடுவே அங்கங்கே சின்னச் சின்ன உருண்டைகள், குழந்தை கழுத்தில் வேர்க்குரு மாதிரி. தூசி. அந்த பீரோவைத் திறந்தாலே தூசி பறக்கிறது. முதல்முதலாகப் பெரிய இடத்துக்குப் போகிற படம் மூஞ்சியில் வேர்க்குருவோடு போவதா?

படிக்கிற உங்களுக்கு இப்போதே சந்தேகம் வந்திருக்கும். அவளுக்கு வரவில்லை. பழகிய கை பழகிய வேலையைப் பார்த்தது. ஒவ்வொரு உருண்டையாகத் துடைத்தாள். இதில் மட்டும் அவள் கை தடுமாறாது. மவுஸை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளப் பழகியிருந்தாள். மச்சம் இருக்கட்டுமா என்று கேட்க எதிரே ஆள் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். பூஞ்சைக்கு வாய் இல்லை. வேலை முடிந்ததும் வழக்கம்போல பழையதை அழித்தாள், புதியதை அனுப்பினாள், ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுவாரம் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. டாக்டர் சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். அங்கிருந்த பெரிய அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"என்னம்மா படம் அனுப்பியிருக்கீங்க? நூல் தெரியுது, சரி. பூஞ்சையோட வித்து எங்க? வித்தப் பாத்தாதான் அது எந்தப் பூஞ்சைன்னு சொல்ல முடியும். ஒண்ணுகூட இல்லையே."

"சார், நான் கண்ணால பாத்தேன் சார். நெறைய இருந்துச்சு. சின்ன உருண்டையா, நூலுக்கு நடுவுல..."

"நீங்க பாத்திருக்கலாம். படத்துல இல்ல. படம் தொடச்சு வச்ச மாதிரி சுத்தமா இருக்கு."

அக்கா ஃப்ரிட்ஜின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் போனை வைத்தாள். பிறகு எழுந்துபோய் கேமராவைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கேமராவால முடியலக்கா. இல்லாட்டி குழாய்ல எங்கயோ கோளாறு. சின்னதெல்லாம் விட்டுப்போகுது. கழட்டி வச்சிடலாம், நான் பழையபடி கையால வரைஞ்சு அனுப்புறேன். அவங்க நம்புனா நம்பட்டும்." அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. விதைப் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுற வேலை ஒண்ணு இருக்கு. அதுக்கு நான் சொல்லி வாங்கித் தர்றேன்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நானோ நீங்களோ நின்றிருந்தால் லேபிள் எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருப்போம்.

வீட்டுக்கு வந்து, குழாயில் கோளாறாம் என்று மட்டும் கணவரிடம் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அவள் பின்னாலேயே போனாள். மிச்சம் வைத்திருந்த மாதிரிக் குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவுகோலை வைத்தார், எடுத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"மரை சரியாத்தான இருக்கு. உள்ள கறுப்பு எங்கயாச்சும் உரிஞ்சிருக்குமோ? வயசாச்சு, என் கண்ணுதான் தப்பா பாக்குதோ என்னவோ."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் இதுவரை தன் கண்ணைச் சந்தேகப்பட்டு அவள் கேட்டதில்லை.

"கொழாய் சரியாத்தான் இருக்குங்க" என்றாள். "கேமராவும் சரியாத்தான் இருக்கு. அந்த உருண்டையெல்லாம் படத்துல வந்துச்சு. நாந்தான் தூசின்னு நெனச்சுத் தொடச்சுட்டேன்."

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம."

சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம் அவருக்கு வந்தது. "நல்லாத் தொடச்ச போ. சரி, நாளைக்குப் போய்ச் சொல்லிடு."

"கேமராவக் கழட்டிட்டு லேபிள் ஒட்டுற வேலை தர்றேன்னாங்க. சொன்னா அதுவும் போயிடும்."

"சொல்லாட்டி கேமரா போயிடும். ரெண்டுல எது போனா நீ நீலத் துணிக்குப் பின்னாடி போய் நின்னு அழுவேன்னு எனக்குத் தெரியும்."

இவருக்கு அது எப்படித் தெரியும் என்று திகைத்தாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிற மனிதர்; தெரியாமலா போகும்?

காலையில் அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். உட்காரக்கூட இல்லை. கேமரா பொய் சொல்லவில்லை, குழாய் பொய் சொல்லவில்லை, அழித்தது நான் என்று நின்றபடியே சொல்லி முடித்தாள்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. அக்கா என்ற வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. "நாத்துப்பண்ணைக்காரங்க தெனமும் வந்து என்னைக் கேக்குறாங்க. ஒரு வாரமா அவங்களுக்கு மருந்து இல்லாம பண்ணியிருக்கீங்க. நீங்க தொடச்சது மூஞ்சி இல்லைங்க. நோய்!"

"ஆமாங்க."

"பழைய படமாவது இருக்கா?"

"அழிச்சுட்டேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டாள். அட்டெண்டர், சிவப்புத் துணி தொங்காதபோதே, கதவோரம் அசையாமல் நின்றார்.

"திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டுங்க" என்றாள் தாடையக்கா. "வேலை வேணாம்னா போயிடுறேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தப் படத்த எடுத்துக் குடுத்துட்டுத்தான் போவேன். புதுசா ஒரு நாத்து குடுங்க. நீங்க பக்கத்துலயே இருங்க. எடுத்த கையோட, அப்படியே, என் கண்ணு முன்னாடி அனுப்புங்க. நான் மவுஸத் தொடமாட்டேன்."

வேறு வழியும் இல்லை. டாக்டர் அன்று வந்த நாற்றிலிருந்து துண்டு சீவி, நீல மையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டை மூடிக் கொடுத்தாள். ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள். துணியைத் தொங்கவிட்டார்கள். கை அன்றைக்கு ஆடிய ஆட்டம் என்றைக்கும் ஆடியதில்லை. தட்டு அகலச் சக்கரத்துக்கும் அது அடங்கவில்லை. திரையில் நூல்கள் மேலும் கீழும் நீந்தின. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டிபோட்டாள். முழங்கையை மேஜை விளிம்பில் அழுத்தி, நெற்றியை அந்தக் கையின்மேல் வைத்து, தலையின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினாள். சக்கரம் கொஞ்சம் அடங்கியது. முடியைவிட மெல்லிசாகத் திருப்பினாள். நூல்கள் கூர்மையாயின. அவற்றின் நடுவே ஒன்று, இன்னொன்று, அப்புறம் கொத்துக் கொத்தாக உருண்டைகள். போன தடவை அவள் துடைத்தெறிந்த அதே உருண்டைகள். ஒவ்வொன்றுக்கும் தடித்த ஓடு இருந்ததை இப்போதுதான் கவனித்துப் பார்த்தாள். தூசிக்கு ஏது ஓடு? அவளுக்கு வெட்கமாக இருந்தது, கூடவே ஆங்காரமாகவும் இருந்தது.

"அசையாதீங்க" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. காலை நீட்டிப் பெடலை மிதித்தாள்.

படம் அந்த நிமிஷமே போனது. மத்தியானமே போன் வந்தது. வித்து தெளிவாகத் தெரிகிறது, இது கெட்ட வகைதான், மருந்து வண்டியில் ஏற்றியாகிவிட்டது என்றார் பெரிய அதிகாரி. சாய்ந்த பாத்திகள் போனது போனதுதான். மற்றவை நின்றன. டாக்டர் அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க... அக்கா?" என்றாள்.

மறுநாள் அக்கா முதல் வேலையாக, ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த, துடைக்கிற அந்த மென்பொருளை அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து டாக்டர் கண் முன்னாலேயே நீக்கினாள். அதன் பிறகு எடுத்ததெல்லாம் எடுத்தபடி போயின. வேலைக்கு உத்தரவு மட்டும் வரவில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லியிருந்த பெரிய அதிகாரி, பருவம் முடிகிற சமயத்தில் வந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். கழுத்தைத் தட்டிப் பார்த்தார், சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், பெடலைக் கண்டு சிரித்தார். அக்காவின் கையை ஓரக்கண்ணால் பார்த்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாகப் புதுப் படங்களைத் திரையில் ஓட்டிக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார்.

"பிரமாதம். இதப் பெருசா அச்சடிச்சு எல்லா நாத்துப்பண்ணைலயும் ஒட்டலாம்." பிறகு ஓரத்தில் விரலை வைத்தார். "இது என்ன, கறுப்பா?"

"தூசிங்க" என்றாள் அக்கா.

"அசிங்கமா இருக்கே. நீங்க ஸ்டூடியோ வச்சிருந்தவங்களாம். இதத் தொடைக்கத் தெரியாதா?"

டாக்டர், சரி என்று சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி அக்காவைப் பார்த்தாள். ஒரு பொட்டு. ஸ்டூடியோவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்துவிடுகிற வேலை. உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டிய மனிதர், கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"நல்லாத் தெரியும். ஆனா செய்யமாட்டேங்க."

"ஏன்? தூசின்னு நீங்கதான சொன்னீங்க?"

"தூசின்னு நான் நெனக்கிறேன்" என்றாள் தாடையக்கா. "போன தடவையும் அப்படித்தான் நெனச்சேன்."

பெரிய அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். ஓரத்தில் வைத்திருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியபடி டாக்டரிடம் திரும்பி, "இவங்களுக்கு என்ன வேலைன்னு போடணும்?" என்று கேட்டார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னாள்.

"போட்டோகிராபர்."